'பிரேக்' என்னும் ஆங்கில வினைச்சொல்: எது உடைகிறது என்று பார்த்துப் பொருள் கொள்ளும் முறை

'பிரேக்' என்ற சொல்லைக் கேள்விப்படாத தமிழர் இன்று அரிது. அலுவலகத்தில் தேநீருக்கு எழுந்து போவதைப் 'பிரேக்' என்கிறோம். தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் 'பிரேக்கிங் நியூஸ்' ஓடுகிறது. காதல் முறிந்தால் 'பிரேக்அப்' என்கிறார்கள். இவ்வளவு பழகிய சொல்தான் ஆங்கில நாளிதழிலோ பாடப்புத்தகத்திலோ வரும்போது புதிதாக ஆங்கிலம் கற்பவரைத் தடுமாற வைக்கிறது. அகராதியைத் திறந்தால் உடை, முறி, மீறு, கலை, விடி, பழக்கு என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் பத்தி பத்தியாக நிற்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். மனப்பாடம் தேவையே இல்லை என்பது என் கருத்து. உடைபடும் பொருள் எது, அது உடைவதற்கு முன் எந்த விதத்தில் முழுமையாக இருந்தது என்ற இரண்டு கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பழகினால், நேர்ப்பொருளும் உருவகப் பொருளும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது தெரியவரும்; ஏற்ற தமிழ்ச் சொல்லும் தானாக வந்து நிற்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வண்டியை நிறுத்தும் 'பிரேக்' வேறு சொல். அதன் எழுத்துகள் பி-ஆர்-ஏ-கே-இ. நாம் பேசப்போகும் வினைச்சொல்லின் எழுத்துகள் பி-ஆர்-இ-ஏ-கே. ஒலிப்பு ஒன்றாக இருப்பதாலும், தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதாலும், நமக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று சொல்வது முதல் சொல்லைக் கொண்டே தவிர, அவர் எதையும் உடைப்பவர் என்பதால் அல்ல. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்த எழுத்துப் பிழை மிகச் சாதாரணமாக நேர்கிறது.

முதற்படி: தானாக உடைந்ததா, யாராவது உடைத்தார்களா?

தமிழில் கண்ணாடி 'உடைந்தது' என்பதற்கும் குழந்தை கண்ணாடியை 'உடைத்தது' என்பதற்கும் வினைவடிவமே மாறுகிறது. முறிந்தது–முறித்தது, ஒடிந்தது–ஒடித்தது, கலைந்தது–கலைத்தது என்று இந்த இணைகள் நம் நாவில் ஊறியவை. ஆங்கிலத்திலோ இரண்டுக்கும் 'ப்ரோக்' என்ற ஒரே இறந்தகால வடிவம்தான். ஆகவே வினைக்குப் பின்னால் ஒரு செயப்படுபொருள் நிற்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். 'த கிளாஸ் ப்ரோக்' என்றால் உடைந்தது. 'ஷி ப்ரோக் த கிளாஸ்' என்றால் உடைத்தாள்.

இந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் ஓரிடத்தில் சறுக்கும். கீழே விழுந்து கையில் அடிபட்டவர் ஆங்கிலத்தில் 'ஐ ப்ரோக் மை ஆர்ம்' என்பார். செயப்படுபொருள் இருக்கிறது, ஆனால் அவர் தன் கையைத் தானே முறித்துக்கொள்ளவில்லை. தமிழில் 'எனக்குக் கை முறிந்துவிட்டது' என்றுதான் சொல்ல வேண்டும். 'நான் என் கையை முறித்தேன்' என்று மொழிபெயர்த்தால் கேட்பவர் திடுக்கிடுவார். உடலுறுப்பு வருமிடங்களில் ஆங்கில இலக்கணம் செய்பவரைப் போலக் காட்டினாலும், பட்டவர் என்றே கொள்ள வேண்டும்.

வினையெச்ச, பெயரெச்ச இடங்களில் வரும் மூன்றாம் வடிவம் 'ப்ரோக்கன்'. இதோடு 'ப்ரோக்' என்பது பேச்சு வழக்கில் பெயரடையாகவும் வரும். 'ஐ ஆம் ப்ரோக்' என்றால் நான் உடைந்துபோனேன் என்பதல்ல, கையில் காசில்லை என்பதே பொருள். மனம் உடைந்தவர் 'ப்ரோக்கன்'. பை காலியானவர் 'ப்ரோக்'.

இரண்டாம் படி: தொட முடிந்த பொருளா?

தொட முடிந்த பொருளானால் அது எதனால் ஆனது என்று பாருங்கள். ஆங்கிலம் இங்கே சிக்கனமாக இருக்கிறது. தமிழ் தாராளமாக இருக்கிறது. பானையும் கண்ணாடியும் தேங்காயும் உடையும்; எலும்பும் மரக்கிளையும் முறியும்; முருங்கைக் கிளையும் பென்சில் முனையும் ஒடியும்; நூலும் கயிறும் அறும்; ரொட்டியும் இட்லியும் பிட்டு எடுக்கப்படும். இத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'பிரேக்' ஒன்றே போதும். விவிலியத்தின் இறுதி இராப்போசனக் காட்சி இதற்கு நல்ல சான்று. 1611-இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, இயேசு அப்பத்தை எடுத்துச் செய்ததைச் சொல்லும்போது இவ்வினையின் பழைய இறந்தகால வடிவத்தையே ஆள்கிறது. தமிழ் விவிலியம் 'பிட்டு' என்கிறது. 'அப்பத்தை உடைத்து' என்று எழுதியிருந்தால் அது கல்லாகிப் போன அப்பமாக அல்லவா இருந்திருக்கும்!

இயந்திரங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 'த ஃபேன் இஸ் ப்ரோக்கன்' என்றால் மின்விசிறி துண்டு துண்டாகக் கிடக்கிறது என்பதில்லை. ஓடவில்லை, பழுதாகிவிட்டது, நம் பேச்சில் ரிப்பேர் ஆகிவிட்டது என்பதே பொருள். இங்கே உடைந்தது உருவமல்ல, இயக்கம். நேர்ப்பொருளிலிருந்து உருவகப் பொருளுக்குக் கால் வைக்கும் வாசற்படி இதுதான் என்று சொல்லலாம். பொருள் கண்ணுக்கு முழுதாகவே இருக்கிறது. அதன் முழுமை வேறெங்கோ இருந்திருக்கிறது.

மூன்றாம் படி: தொட முடியாத பொருளின் முழுமை எதில் இருக்கிறது?

இந்தப் படியில்தான் நிதானமாக நிற்க வேண்டும். உருவகப் பொருள்களில் பெரும்பாலானவை இங்கேதான் பிடிபடும். சட்டம், மௌனம், சாதனை, காய்ச்சல், செய்தி ஆகிய எதையும் கையால் தொட முடியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முழுமை உண்டு.

சிலவற்றின் முழுமை தொடர்ச்சியில் இருக்கிறது. மௌனம், பயணம், நோன்பு, மின்சுற்று போன்றவை இடையறாமல் நீளும் வரைதான் அவை அவையாக இருக்கின்றன. அந்தத் தொடர்ச்சி அறுபட்டால் ஆங்கிலத்தில் 'பிரேக்'. காலை உணவைக் குறிக்கும் 'பிரேக்ஃபாஸ்ட்' என்ற சொல்லே இரவு முழுதும் உண்ணாதிருந்த நோன்பை முறிப்பது என்ற இரு சொற்களின் கூட்டுத்தான். இதைத் தமிழில் சொல்லும்போது நோன்பு யாருடையது என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். ஏகாதசி விரதம் இருந்தவர் மறுநாள் பாரணை செய்கிறார்; தமிழ் முஸ்லிம்கள் நோன்பு திறக்கிறார்கள்; அரசியல் தலைவர் பழச்சாறு அருந்தி உண்ணாவிரதத்தை முடித்துக்கொள்கிறார். மூன்று இடங்களிலும் ஆங்கிலச் செய்தியாளர் ஒரே வினையைத்தான் எழுதியிருப்பார்.

வேறு சிலவற்றின் முழுமை எல்லையில் இருக்கிறது. சட்டம், விதி, வாக்குறுதி, சாதனை ஆகியவை நாம் தாண்டக் கூடாத, அல்லது அதுவரை யாரும் தாண்டாத கோடுகள். காந்தியடிகள் 1930 ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டிக் கடற்கரையில் உப்பை எடுத்ததையும், அதே ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் வேதாரண்யத்தில் ராஜாஜி அதைச் செய்ததையும் ஆங்கில வரலாற்று நூல்கள் 'ப்ரோக் த சால்ட் லா' என்று எழுதும். தமிழில் உப்புச் சட்டத்தை 'மீறினார்' என்கிறோம். அந்த இயக்கத்துக்குச் 'சட்டமறுப்பு' என்று பெயர் வைத்தோம். மீறுதல் கோட்டைத் தாண்டுவது. மறுத்தல் அந்தக் கோட்டுக்குத் தன்னை ஆள உரிமை இல்லை என்பது. ஆங்கில வினை இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதில்லை. சூழலைப் பார்த்து நாம்தான் பிரிக்க வேண்டும். வாக்குறுதியானால் மீறுதலோ தவறுதலோ பொருந்தும். 'வாக்கு உடைந்தது' என்று யாரும் சொல்வதில்லை.

சாதனைக்கு வரும்போது இன்னும் கூர்ந்து பார்க்கலாம். 1954 மே 6-ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் ரோஜர் பேனிஸ்டர் ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடினார். அவர் 'ரெக்கார்டை' உடைத்தார் என்றும் எழுதலாம். நான்கு நிமிடம் என்ற 'பேரியரை' உடைத்தார் என்றும் எழுதலாம். இரண்டும் சரியே, ஆனால் ஒன்றல்ல. ஒரு சாதனை முறியடிக்கப்பட்டால் அந்த இடத்தில் புதிய சாதனை உட்கார்ந்துகொள்கிறது. பேனிஸ்டரின் சாதனையை ஏழு வாரங்களுக்குள், அதே ஆண்டு ஜூன் 21-இல், ஃபின்லாந்தில் ஜான் லாண்டி முறியடித்துவிட்டார். ஆனால் நான்கு நிமிடத் தடையை லாண்டியால் உடைக்க முடியாது. அது ஏற்கெனவே தகர்ந்து போயிற்று. எனவே தமிழில் சாதனைக்கு 'முறியடித்தல்', தடைக்குத் 'தகர்த்தல்' என்று நாம் இயல்பாகவே பிரித்து எழுதுவது சரியான உணர்வு.

மூன்றாவது வகையில் முழுமை என்பது பலம். வேலைநிறுத்தத்தை நிர்வாகம் முறியடிக்கிறது; சிறைவாசம் ஒருவரின் மனவுறுதியைக் குலைக்கிறது; காய்ச்சல் விடுகிறது. முரட்டுக் குதிரையைச் சவாரிக்குப் பழக்குவதையும் 'பிரேக்' என்றே சொல்கிறார்கள், ஏனெனில் அதன் முரண்டு உடைகிறது. அதே வழியில்தான் புதுச் செருப்பைப் போட்டுப் போட்டுப் பழக்குவதும் 'பிரேக் இன்' ஆயிற்று. நாம் செருப்பு கடிக்கிறது என்கிறோம். அவர்கள் அதன் முரண்டை அடக்குகிறார்கள்.

கடைசி வகை மறைப்பு. ஏதோ ஒன்று மூடியிருக்கிறது, அது பிளந்து உள்ளிருப்பது வெளியே வருகிறது. பொழுது விடிவது 'டேபிரேக்'. புயலும் வெடிக்கிறது. இரகசியக் குறியீட்டின் பூட்டும் இப்படித்தான் உடைகிறது. இரகசியச் செய்திகளுக்கு ஜெர்மானிய ராணுவம் பயன்படுத்திய எனிக்மா பொறியின் மறைமுறையை 1932-இல் முதலில் உடைத்தவர் போலந்துக் கணிதவியலர் மரியான் ரெயெவ்ஸ்கி என்று படிக்கும்போது, அவர் எந்தப் பொறியையும் சுத்தியலால் அடிக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 'பிரேக் த நியூஸ்' என்பதில் இரு பொருள்கள் உள்ளன: செய்தியாளரானால் மற்றவர்களுக்கு முன்பே வெளியிட்டார், மருத்துவரானால் துயரச் செய்தியைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார். சொல்பவர் யார் என்று பார்க்காமல் பொருள் கொள்ள முடியாது.

ஒரே துறைக்குள் இரண்டு வகைகள் மோதிக்கொள்ளும் அழகான இடமும் ஒன்று உண்டு. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தில் பருவமழை 'ப்ரோக்' ஆனது என்று எழுதினால் மழை தொடங்கிவிட்டது என்று பொருள். வானம் பிளந்து கொட்டுகிறது. ஆனால் வானிலை ஆய்வாளர்கள் பெயர்ச்சொல்லாகப் 'பிரேக் மான்சூன்' என்றால் மழை ஓய்ந்த இடைவெளி என்று பொருள். பருவக்காற்றின் தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட, நடு இந்தியச் சமவெளி காய்கிறது. அந்த நாள்களில்தான் தமிழ்நாட்டின் பல பகுதிகளுக்கு மாலை நேர இடிமழை கிடைக்கிறது. வினையாக வந்தால் மழை; பெயராக வந்தால் மழையின்மை. முதலாவதில் உடைந்தது மறைப்பு, இரண்டாவதில் உடைந்தது தொடர்ச்சி.

நான்காம் படி: வால்சொல்லைப் பாருங்கள்

'டவுன்', 'அப்', 'அவுட்', 'ஆஃப்', 'இன்டூ' போன்ற சிறுசொற்கள் வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அதன் திசையைத் தீர்மானிக்கின்றன. வினையை மட்டும் படித்துவிட்டு நகர்ந்தால் பொருள் தவறிப்போகும்.

'அவுட்' இருந்தால் உள்ளிருந்தது வெளியே பாய்கிறது: போர் மூண்டது, நோய் பரவத் தொடங்கியது, கைதிகள் சிறையிலிருந்து தப்பினர், முகத்தில் பருக்கள் கிளம்பின. 'இன்டூ' இருந்தால் உள்ளே நுழைகிறது: திருடர்கள் பூட்டை உடைத்து வீட்டுக்குள் புகுந்தனர். அதே வால்சொல் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் திடீரென மாறுவதையும் குறிக்கும். நடந்துகொண்டிருந்தவர் ஓட்டமெடுப்பதும், பேசிக்கொண்டிருந்தவர் பாடத் தொடங்குவதும் இவ்வகை. 'ஆஃப்' துண்டிப்பு: தூதரக உறவு, நிச்சயித்த திருமணம்.

'டவுன்' சரிவு. வண்டி வழியில் நின்றுபோகிறது, பேச்சுவார்த்தை முறிகிறது, துக்கத்தை அடக்கிக்கொண்டிருந்தவர் கதறி அழுகிறார். செலவுக் கணக்கை இனவாரியாகப் பிரித்துக் காட்டுவதும் இதே 'பிரேக்டவுன்'தான். நம் நாட்டு அலுவலகங்களில் இதைச் 'சம்பளப் பிரேக்அப்' என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இந்தியாவுக்குள் யாருக்கும் இது புரியும். ஆனால் பிற நாட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் 'பிரேக்டவுன்' என்று எழுதுவதே பாதுகாப்பு. 'அப்' என்பது கூட்டம் கலைவதற்கும், உறவு முறிவதற்கும், பிரிட்டனில் பள்ளிக்கு விடுமுறை விடுவதற்கும் வருகிறது.

ஐந்தாம் படி: பிரிக்கக் கூடாத தொடர்கள்

சில தொடர்களை மேற்சொன்ன கேள்விகளால் ஓரளவு விளக்க முடிந்தாலும், மொத்தமாகவே கற்றுக்கொள்வது நல்லது. அறிமுகமில்லாதவர்களுக்கிடையே முதல் தயக்கத்தைப் போக்கிப் பேச்சைத் தொடங்குவதைப் பனிக்கட்டியை உடைப்பதாக ஆங்கிலம் சொல்கிறது. ஆறுகள் உறைந்து படகுப் போக்குவரத்து நின்றுபோகும் குளிர்நாட்டில் அந்த உருவகத்துக்கு வேர் இருக்கிறது. நமக்கு அது ஒட்டாது. 'தயக்கம் விலகியது' என்றோ 'கூச்சம் தெளிந்தது' என்றோ சொன்னால் போதும். மேடையேறப்போகும் நடிகரிடம் காலை முறித்துக்கொள்ளுங்கள் என்பது ஆங்கில நாடகக்காரர்களின் வாழ்த்து. 'பிரேக் ஈவன்' என்றால் போட்ட முதல் கைக்கு வந்துவிட்டது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

ஆறாம் படி: திருப்பிப் பார்த்துச் சரிபாருங்கள்

தமிழில் உடைவதெல்லாம் ஆங்கிலத்தில் 'பிரேக்' ஆகிவிடாது. பனிக்குடம் உடைந்தது என்பதற்கு ஆங்கிலத்திலும் இதே வினைதான் வருகிறது. சிறுவர்களுக்குப் பருவத்தில் மகரக்கட்டு உடைந்து குரல் மாறுவதையும் ஆங்கிலம் இதே வினையால்தான் குறிக்கிறது. ஆனால் கட்டி உடைந்தால் 'பர்ஸ்ட்', கட்சி உடைந்தால் 'ஸ்ப்ளிட்'. நெட்டி முறிப்பதற்குக் 'கிராக்'. சோம்பல் முறிப்பதற்கு 'ஸ்ட்ரெச்'. விஷமுறிவு மருந்தில் வரும் முறிவு விஷத்தின் வீரியத்தைக் கெடுப்பது. அதற்கும் இந்த வினை பொருந்தாது.

எதிர்த்திசையிலும் கவனம் தேவை. 'மௌனத்தை உடைத்தார்' என்று இப்போது நாளிதழ்கள் எழுதுகின்றன. ஆங்கிலத்தைப் பார்த்து வந்த வழக்கு என்றாலும் அது நிலைத்துவிட்டது. அதைத் தவறு என்று சண்டைக்கு நிற்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் 'மௌனம் கலைத்தார்' என்பதில் உள்ள மென்மை அதில் இல்லை. 'சட்டத்தை உடைத்தார்' என்பதை மட்டும் ஏற்க முடியாது. தமிழில் அது சட்டகத்தை உடைத்த தச்சரைத்தான் நினைவூட்டும்.

ஐயம் வரும்போது பார்க்க இரண்டு அகராதிகள் வேண்டும். கற்பவர்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட ஆங்கில–ஆங்கில அகராதி ஒன்று. அதில் ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும், எது உடைபடுகிறது என்பதை அந்த வாக்கியமே காட்டிவிடும். அதன்பின் தமிழ்ச் சொல்லுக்காக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் போன்ற ஒன்று. முதலில் தமிழ் அகராதியைத் திறப்பவர்கள் பட்டியலின் முதல் சொல்லையே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பயிற்சிக்கு ஒரு கற்பனைச் செய்தியை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் சாலை விதியை மீறியதால் விபத்து நேர்ந்து, பயணி ஒருவருக்குக் கால் முறிந்தது; ஏற்றிச் சென்ற ஆம்புலன்ஸ் வழியில் பழுதாகி நின்றது; மருத்துவர் நிலைமையை உறவினர்களிடம் பக்குவமாகச் சொன்னார்; தாய் கதறி அழுதார்; பொழுது விடியும்போது காய்ச்சல் விட்டது. இந்தச் செய்தியின் ஆங்கில மூலத்தில் ஏழு இடங்களிலும் 'பிரேக்' அல்லது அதன் வடிவம் வர முடியும். விதியில் எல்லை, காலில் எலும்பு, ஆம்புலன்சில் இயக்கம், செய்தியில் மறைப்பு, தாயிடம் அடக்கிவைத்த பலம், பொழுதில் மீண்டும் மறைப்பு, காய்ச்சலில் நோயின் பலம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தைத் தாளில் எழுதிக்கொண்டு, பிறகு தமிழைப் பார்க்காமல் ஆங்கில வாக்கியங்களை நீங்களே அமைத்துப் பாருங்கள். ஆம்புலன்சுக்கும் தாய்க்கும் மட்டும் 'டவுன்' என்ற வால்சொல் வேண்டும், விட்டுவிடாதீர்கள்.